பிறப்பு விகிதச் சரிவு: யாருடைய நெருக்கடி?

2025 மார்ச் 3 அன்று நாகப்பட்டினத்தில் நடைபெற்ற ஒரு திருமண விழாவில் மணமக்களை வாழ்த்திய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், அவசரப்படாமல் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று முன்பு சொல்லிவந்ததாகவும், இனி உடனடியாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டதாகவும் பேசினார். அதற்கு முந்தைய அக்டோபரில் சென்னையில் மற்றொரு திருமண விழாவில், பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்ற பழைய வாழ்த்தை நினைவூட்டி, பதினாறு குழந்தைகளையே பெறலாமே என எண்ணும் நிலை வந்திருக்கிறது என்று நகைச்சுவையாகக் குறிப்பிட்டிருந்தார். ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு இதையே நகைச்சுவை கலவாமல் சொல்லிவருகிறார். 2024 டிசம்பரில் நாக்பூரில் பேசிய ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், கருவுறுதல் விகிதம் 2.1க்குக் கீழே இறங்கினால் அந்தச் சமூகம் தானாகவே அழிந்துவிடும், எனவே இரண்டுக்கு மேல் வேண்டும் என்றார். எதிரெதிர் அரசியல் முகாம்களில் நிற்கும் மூன்று ஆண்கள் ஒரே குரலில் பேசும் பொருள் இந்நாட்டில் அரிது. அப்பொருள் பெண்களின் கருப்பையாக இருப்பது தற்செயல் அன்று.

என் பாட்டி ஒன்பது பெற்றார், நான்கு தங்கின. பிரசவமான பதினைந்தாம் நாள் நடவுக்குப் போனதை ஒரு சாதனைபோலச் சொல்வார். போகாவிட்டால் அடுத்த ஆண்டு அந்த வயலில் வேலை இருக்காது என்பதைத் தனியே, மெதுவாகச் சொல்வார். என் தாய் மூன்று பெற்று, மூன்றாவது முடிந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். என் தந்தையிடம் செய்துகொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் முன்வரவில்லை. நான் ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று தலைமுறைகளில் ஒன்பது, மூன்று, ஒன்று என்று இறங்கிய இந்தக் கணக்கைத்தான் இன்று நெருக்கடி என்கிறார்கள். எங்கள் வீட்டில் இதற்கு வேறு பெயர் உண்டு. என் தாய் படிக்க வைத்தார், நான் சட்டம் படித்தேன்.

இதைச் சொல்வதால் பிறப்பு விகிதம் குறைவதில் எந்தச் சிக்கலும் இல்லை என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். சிக்கல் உண்டு. அது எங்கே இருக்கிறது, யார் தலையில் விழப்போகிறது என்பதைப் பற்றித்தான் பேச்சு திசை மாறிப் போயிருக்கிறது.

முதலில் எண்கள். ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரியே மொத்தக் கருவுறுதல் விகிதம். மக்கள்தொகை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ள இது 2.1 அளவில் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு இந்தியாவுக்கு 2.0 என்றும் தமிழ்நாட்டுக்கு 1.8 என்றும் காட்டியது, பீகாருக்கு 3.0. இந்தியப் பதிவாளர் அலுவலகத்தின் 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு அறிக்கையோ தமிழ்நாட்டை 1.4இல் வைத்தது. இரு ஆய்வுகளின் முறைகள் வேறு என்பதால் எண்களும் வேறுபடுகின்றன. எப்படிப் பார்த்தாலும் தமிழ்நாடு ஈடுசெய் அளவுக்குக் கீழே இறங்கிக் கால் நூற்றாண்டை நெருங்குகிறது.

இந்தச் சரிவு செல்வச் செழிப்பால் வந்ததன்று. 1990களில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்த வறுமையோடு ஒப்பிட்டால், இவ்வளவு விரைவாகப் பிறப்பு குறைந்தது மக்கள்தொகை அறிஞர்களையே வியக்கவைத்தது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, பள்ளியில் மதிய உணவு கிடைத்தது, கிராமச் செவிலியர் வீடு தேடி வந்தார், பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டினார்கள், பேருந்து வந்தது. 2020இல் தமிழ்நாட்டின் சிசு இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13, நாட்டின் சராசரி 28. ஒன்பது பெற்றால்தான் நான்கு தங்கும் என்ற நிலை மாறியபின் ஒன்பது பெற எந்தப் பெண்ணுக்கும் விருப்பமில்லை. எல்லா இடங்களிலும் பெண்கள் வாய்ப்புக் கிடைத்தவுடன் செய்தது இதுவே.

பட்டியல் சாதியினர் மட்டும் வரைமுறையின்றிப் பெற்றுக்கொள்கிறார்கள் என்ற பேச்சு ஊர்த் தெருக்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. அதே ஐந்தாவது ஆய்வின்படி இந்திய அளவில் பட்டியல் சாதிப் பெண்களிடையே கருவுறுதல் விகிதம் 2.1, பிற்படுத்தப்பட்டோரிடையே 2.0, ஏனையோரிடையே 1.9. பத்துப் பெண்களுக்கு இரண்டு குழந்தைகள் என்பதே மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் இடையிலான வேறுபாடு. கல்வியையும் வருமானத்தையும் சமப்படுத்தி ஒப்பிட்டால் இதுவும் எவ்வளவு எஞ்சும் என்பது ஐயமே.

பெற்றுக்கொள்ளுங்கள் என்று இன்று சொல்லும் அரசு நேற்று என்ன செய்தது என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக அறிவித்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மெட்ராஸ் மாநிலம் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. பட்டினிக் காலத்தில் அந்தப் பணத்துக்காக வரிசையில் நின்றவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. வட இந்தியாவில் ஆட்சியே கவிழ்ந்தது. அதிலிருந்து அரசு கற்ற பாடம் கட்டாயம் கூடாது என்பதாக இருந்திருக்க வேண்டும். ஆண்களைத் தொடக்கூடாது என்ற பாடத்தையே அது கற்றது. இன்று தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

முகாம்களின் கதை இன்னும் கொடியது. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கைவிளக்கு வெளிச்சத்தில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார். அந்நிகழ்வையொட்டிக் குறைந்தது 13 பெண்கள் இறந்தனர். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்களே இந்த முகாம்களுக்கு அழைத்துவரப்பட்டவர்கள். அராரியா நிகழ்வை முன்வைத்துத் தொடரப்பட்ட தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுகளுக்குள் முகாம் முறையையே நிறுத்த வேண்டும் என்றது. குழந்தை பெறுவதும் பெறாதிருப்பதும் குறித்த உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்பதையும் அத்தீர்ப்பு உறுதிசெய்தது. ஏழைகளின் ஒப்புதல் எவ்வளவு எளிதில் போலியாகிறது என்பதை நீதிமன்றம் கண்டுகொண்ட அரிய தருணம் அது.

அதே நீதிமன்றம் 2003இல் வேறு முகம் காட்டியிருந்தது. இரண்டு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் ஊராட்சித் தேர்தலில் போட்டியிட முடியாது என்ற அரியானா சட்டத்தை எதிர்த்த ஜாவேத் வழக்கில் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. மூன்றாவது குழந்தையைப் பெறுவதா என்பது பெரும்பாலும் பெண்ணின் கையில் இல்லையே என்ற வாதத்தை, இன்றைய இந்தியப் பெண்கள் அவ்வளவு கையறு நிலையில் இல்லை என்று கூறி நீதிபதிகள் தள்ளிவிட்டனர். சட்டக் கல்லூரியில் இந்தத் தீர்ப்பை முதன்முதலில் படித்தபோது எனக்கு என் பாட்டி நினைவுக்கு வந்தார். ஆந்திரம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஒடிசா எனப் பல மாநிலங்களில் இத்தகைய சட்டம் இருந்தது. 73ஆவது திருத்தத்தின் வழியாக அப்போதுதான் முதன்முறையாக ஊராட்சி நாற்காலியில் அமர வாய்ப்புப் பெற்றவர்கள் தலித் பெண்களும் பழங்குடிப் பெண்களும். அந்த நாற்காலிக்கும் அவர்களுக்கும் நடுவே மூன்றாவது குழந்தை நிறுத்தப்பட்டது. தமிழ்நாடு இந்தத் தவற்றைச் செய்யவில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும்.

ஆந்திரச் சட்டமன்றம் 2024 நவம்பரில் அந்த விதியை நீக்கிவிட்டது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால், நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம் அவ்விதி அநீதியானது என்பதன்று. மக்கள்தொகை குறைகிறது என்பதே. இரண்டுக்கு மேல் பெற்றவர்களுக்கே உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட இடமளிக்கும் சட்டம் குறித்து யோசிப்பதாகவும் நாயுடு பேசினார். முப்பது ஆண்டுகள் அதிகம் பெற்றதற்காகத் தண்டித்துவிட்டு, இனிக் குறைவாகப் பெற்றதற்காகத் தண்டிப்பது. பூட்டு அதேதான், சாவியைத் திருப்பும் திசை மட்டும் மாறுகிறது.

சமூகம் அழிந்துவிடும் என்ற பாகவத்தின் அச்சத்துக்கு வருவோம். எந்தச் சமூகம்? இந்நாட்டில் எண்ணிக்கை குறித்த கவலை எப்போதும் ஒரு குறிப்பிட்ட குழுவின் எண்ணிக்கை குறித்த கவலையாகவே இருந்துவந்துள்ளது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவில் சாதிகள் குறித்து வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் இதன் வேரைத் தொட்டார். சாதியின் சாரம் அகமணம். அகமணம் நிலைக்க வேண்டுமானால் குழுவுக்குள் மணவயது ஆண்களின் எண்ணிக்கையும் பெண்களின் எண்ணிக்கையும் சமமாக இருந்தாக வேண்டும். ஒருவர் இறந்து மற்றவர் மிஞ்சினால் அவர் சாதிக்கு வெளியே மணந்துவிடக்கூடும். மிஞ்சும் பெண்ணை எரிப்பதும், விதவையாக ஒடுக்குவதும், மிஞ்சும் ஆணுக்குச் சிறுமியை மணமுடிப்பதும் இந்தக் கணக்கைச் சரிசெய்யும் வழிகள் என்று அவர் விளக்கினார். இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் எழுதிய அந்தக் கட்டுரைக்குப் பிறகு, பிறப்பு விகிதம் பற்றிய எந்தப் பேச்சையும் சாதியை விலக்கிவைத்துப் பேச முடியாது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு இன்று வேறு வழியில் தடுமாறுகிறது. குடும்பம் சிறுத்தபோது ஆண் குழந்தை மீதான ஆசை சிறுக்கவில்லை. ஒன்றே போதும், அது ஆணாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர்கள் பலர். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 878 மட்டுமே. இதன் விளைவைச் சொத்துள்ள சாதிகளே முதலில் சந்திக்கின்றன. மேற்கு மாவட்டங்களில் முப்பத்தைந்து வயதைக் கடந்த நிலவுடைமைச் சாதி இளைஞர்களுக்குக் கேரளத்திலிருந்து பெண் தேடித் தருவது தரகர்களின் தொழிலாகிவிட்டது. 2021இல் தமிழ்நாட்டின் ஒரு சாதிச் சங்கம், தம் சமூக இளைஞர்களுக்கு உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் மணப்பெண் தேடப்போவதாக வெளிப்படையாக அறிவித்தது. மொழி தெரியாத ஊரில், இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் பெண் எடுக்க முடிகிறது. பக்கத்துத் தெருவைத் தாண்ட முடியவில்லை. தாண்டிய பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை எழுதியே இந்தத் தளத்தின் பக்கங்கள் நிறைந்துள்ளன. பிறப்பு குறைவதைப் பற்றிக் கவலைப்படுவோர், பிறந்து வளர்ந்து, காதலித்ததற்காக வெட்டப்படும் பிள்ளைகளின் கணக்கையும் அருகில் வைத்துக்கொள்ளட்டும்.

முதலமைச்சரின் கவலை வேறு வகையானது. அதை பாகவத்தின் கவலையோடு ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. தொகுதி மறுவரையறை வருகிறது. 1976இல் 42ஆவது திருத்தம் மக்களவைத் தொகுதிகளின் மாநிலவாரிப் பங்கை 1971 மக்கள்தொகையின் அடிப்படையில் உறையவைத்தது. 84ஆவது திருத்தம் அந்த உறைவை, 2026க்குப் பின் நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதே அதன் நோக்கம். இப்போது 2027 மார்ச் 1ஐக் குறிநாளாகக் கொண்டு கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுவிட்டது. தமிழ்நாடு தன் 39 தொகுதிகளில் 8ஐ இழக்கக்கூடும் என்கிறார் முதலமைச்சர். 1967 தேர்தலின்போது 41 தொகுதிகள் 39 ஆகச் சுருங்கிய அனுபவம் நமக்கு இருக்கிறது. ஒன்றிய அரசு சொன்னதைச் செய்த மாநிலத்தின் குரலை அதற்காகவே குறைப்பது அநீதி. இந்த வாதத்தில் நான் தமிழ்நாட்டின் பக்கம்.

ஆனால், அந்த அநீதிக்கு விடை பிள்ளைப்பேறு என்பது எளிய கூட்டல் கழித்தலில்கூட நிற்காது. நாடு முழுவதையும் 543 ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 26 லட்சம் மக்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. முதலமைச்சரின் வாழ்த்தை எல்லாரும் ஏற்று, பிறப்பு பத்து விழுக்காடு கூடினால் ஆண்டுக்கு 90 ஆயிரம் குழந்தைகள் அதிகம். ஒரே ஒரு தொகுதியைக் காப்பாற்ற ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகும். அந்தக் குழந்தைகளில் முதலில் பிறந்தவருக்கு வாக்குரிமை வருவதற்கே 2043 ஆகிவிடும். கூட்டாட்சிப் போராட்டத்தை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தெருவிலும் நடத்த வேண்டும். பிரசவ அறையில் நடத்த முடியாது.

இந்த விவாதத்தில் இதுவரை போதிய கவனம் பெறாத இன்னொரு கணக்கு இருக்கிறது. தலித் இயக்கங்கள் கையிலெடுக்க வேண்டியது. அரசமைப்பின் 330, 332ஆம் பிரிவுகள் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகளை அவர்களின் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப ஒதுக்கச் சொல்கின்றன. 87ஆவது திருத்தத்தின்படி இப்போதுள்ள ஒதுக்கீடு 2001 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. அப்போது தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 19 விழுக்காடு. எனவே சட்டமன்றத்தில் 234க்கு 44, மக்களவையில் 39க்கு 7. 2011 கணக்கெடுப்பில் நம் பங்கு 20 விழுக்காட்டைத் தொட்டது. அந்த விகிதப்படி சட்டமன்றத்தில் 47ம் மக்களவையில் 8ம் கிடைத்திருக்க வேண்டும். உறைவு நீடிக்கும் ஒவ்வொரு தேர்தலிலும் மூன்று சட்டமன்றத் தொகுதிகளும் ஒரு மக்களவைத் தொகுதியும் நம் கைக்கு வராமல் போகின்றன. கிறித்தவர்களான தலித்துகள் 1950ஆம் ஆண்டு ஆணையால் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை என்பது தனிக் கதை. முதலமைச்சர் அஞ்சுவதுபோல 39 என்பது 31 ஆனால், இருபது விழுக்காட்டுக் கணக்கில் நமக்கு மிஞ்சுவது 6. ஆகவே நமக்கு இரட்டைக் கோரிக்கை தேவைப்படுகிறது. மாநிலங்களுக்கிடையிலான பங்கு மாறக் கூடாது. மாநிலத்துக்குள் தனித் தொகுதிகளின் எண்ணிக்கை புதிய கணக்கெடுப்பின்படி உயர வேண்டும். உறைவை இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு நீட்டியுங்கள் என்று மட்டும் கேட்பது, இரண்டாவது கோரிக்கையை நாமே புதைப்பதாகும். 2024இல் தமிழ்நாடு இயற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் நிதி ஒதுக்கீடும் மக்கள்தொகை விகிதத்தை ஒட்டியதுதான். பழைய கணக்கில் நிற்பதால் அங்கும் இழப்பு நமக்கே.

இனி, உண்மையான சிக்கல். பிறப்பு குறைந்தால் முதியோர் பங்கு கூடும். 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 13.6 விழுக்காடு என்றும் 2031இல் அது 18.2 ஆகும் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. கேரளத்துக்கு அடுத்த இடம். இந்த முதுமை எல்லார்க்கும் ஒரே மாதிரி வருவதில்லை. ஓய்வூதியமும் சொந்த வீடும் வெளிநாட்டில் பிள்ளையும் உள்ளவருக்கு ஒரு குழந்தை என்பது தனிமை. நாற்பது ஆண்டுகள் பிறர் நிலத்தில் நடவு நட்டு, களை பறித்து, முட்டி தேய்ந்த பெண்ணுக்கு ஒரு குழந்தை என்பது பசி. அவருடைய சேமிப்பும் காப்பீடும் வைப்பு நிதியும் பிள்ளைகள்தான். அதிகம் பெறுவது அறியாமை என்று அவருக்குப் பாடம் நடத்திய அரசு, பிள்ளைகளுக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்திருக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு, 80 வயதுக்குட்பட்டவர்களுக்கு, பல்லாண்டுகளாக மாதம் 200 ரூபாயில் நிற்கிறது. மாநிலம் சேர்த்துக் கொடுப்பதால் தமிழ்நாட்டில் 2023 முதல் 1,200 ரூபாய் கிடைக்கிறது. நாளொன்றுக்கு 40 ரூபாய்.

நான் நடத்திவரும் ஒரு வழக்கில் மனுதாரர் 67 வயது விவசாயக் கூலி. கணவர் இல்லை. ஒரே மகன். அவர் அரசின் சொற்கேட்டு ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர். அந்த ஒரு பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒற்றை அறை வாடகை வீட்டில் மனைவி, குழந்தையோடு இருக்கிறார். தாயின் ஓய்வூதிய விண்ணப்பத்தை அலுவலகம் தள்ளுபடி செய்த காரணம் ஒரே வரி: ஆதரிக்க மகன் இருக்கிறார். பிள்ளையைக் குறைவாகப் பெற்றதற்கு அன்று பாராட்டியவர்கள், ஒரு பிள்ளை இருப்பதையே இன்று குற்றமாகப் படிக்கிறார்கள். இந்த ஒரு வரியில் இருப்பதுதான் மக்கள்தொகை நெருக்கடி.

பள்ளிகளிலும் இதன் சாயல் தெரிகிறது. குழந்தைகள் குறைவதும், இருக்கும் குழந்தைகள் தனியார் பள்ளிக்குப் போவதும் சேர்ந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளை வெறுமையாக்குகின்றன. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியை இணைப்பது நிர்வாகத்துக்குச் சிக்கனம். காலனிக்குள் இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி மூடப்பட்டால், அதன் கடைசிப் பதினைந்து பிள்ளைகள் ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கு ஊர்த்தெரு வழியே நடந்து போக வேண்டும். அந்த நடையின் பொருளை நாங்குநேரி தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023–24 நிதிநிலை அறிக்கையில் பல துறைகளின் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவருவதாக அறிவித்தபோது தலித் இயக்கங்கள் அஞ்சியதும் இதைத்தான். பிறப்பு விகிதம் இத்தகைய முடிவுகளுக்கு எளிதில் கிடைக்கும் சாக்கு.

உழைக்கும் கைகள் குறையும் என்ற அச்சமும் அரைகுறையானதே. கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் நூற்பாலைகளிலும் கட்டுமானத்திலும் நிற்போரில் கணிசமானோர் அங்குள்ள தலித்துகளும் பழங்குடிகளும்தாம். அவர்களின் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளியும் குடும்ப அட்டையும் கொடுக்க மனமில்லாத ஒரு சமூகம், தனக்கு ஆள் போதவில்லை என்று புலம்புவது விந்தை.

பெறச் சொல்லும் அரசு பெறுவோரை எப்படி நடத்துகிறது? தமிழ்நாட்டின் அரசு ஊழியருக்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. இரண்டு குழந்தைகள் வரை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அதுவும் இரண்டு வரை. தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, முதல் மணத்தில் பிறந்த இரு குழந்தைகளும் முன்னாள் கணவரிடம் இருக்க, மறுமணத்துக்குப் பின் கருவுற்று விடுப்புக் கேட்டார். மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுத்த நிவாரணத்தை அரசின் மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. உமாதேவி எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில், மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பிரிக்க முடியாத பகுதி என்று 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேதிகளைக் கவனியுங்கள். உடனே பெறுங்கள் என்று நாகப்பட்டினத்தில் மேடையில் கேட்டது மார்ச்சில். பெற்ற பெண்ணுக்கு விடுப்பில்லை என்ற அரசின் நிலைப்பாடு தில்லியில் தோற்றது மே மாதத்தில். அதுவும் மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியைக்கு. நூறுநாள் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பெண்ணுக்கு விடுப்பு என்ற சொல்லே இல்லை. வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள்.

1928இல் பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேற்று நலச் சட்ட வரைவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அதன் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். பத்தாண்டு கழித்து, 1938 நவம்பரில், அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் கருத்தடை வசதிகளைக் கோரும் தீர்மானத்தை ரோஹம் பம்பாய் சட்டமன்றத்தில் முன்மொழிந்தார். தீர்மானம் தோற்றது. பெற விரும்பும் பெண்ணுக்கு ஊதியத்துடன் ஓய்வும், பெற விரும்பாத பெண்ணுக்குக் கருத்தடையும் ஒருவரே கேட்டிருக்கிறார். அவற்றில் முரணேதும் இல்லை. இரண்டிலும் முடிவெடுப்பவள் பெண். அதே காலத்தில் தமிழ்நாட்டில் கர்ப்பத்தடையை ஆதரித்த பலர் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் ஆதரித்தபோது, பெண் விடுதலைக்காகவே தான் ஆதரிப்பதாகப் பெரியார் தம்மை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவினை இன்று நமக்குப் பயன்படுகிறது. நாட்டுக்காகக் குறைக்கச் சொன்னவர்கள், நாட்டுக்குத் தேவைப்படும்போது கூட்டவும் சொல்வார்கள் என்பதை அவர் அன்றே பார்த்துவிட்டார் போலும்.

தென்கொரியாவில் 2023இல் கருவுறுதல் விகிதம் 0.72 ஆனது. பல ஆண்டுகளாகப் பெருந்தொகையைப் பரிசாகவும் உதவியாகவும் கொட்டியும் அங்கே பெண்கள் மனம் மாறவில்லை. நீண்ட வேலை நேரமும் வீட்டு வாடகையும் ஆண்கள் பங்கேற்காத வீட்டுவேலையும் அப்படியே இருந்தன. தமிழ்நாட்டுப் பெண்களின் முடிவும் மேடை வாழ்த்துகளால் மாறப்போவதில்லை. அவர்கள் கணக்குப் போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளிக் கட்டணம், வாடகை, மாமியாரின் மருந்து, வேலை போகும் அச்சம் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கின்றன. அதில் மாற்றம் வேண்டுவோர், குழந்தைக் காப்பகத்திலிருந்தும் அமைப்புசாராத் தொழிலாளிக்கு ஊதியத்துடன் கூடிய மகப்பேறு ஓய்விலிருந்தும் தொடங்கலாம். பெற்ற பிள்ளையைக் காரணம் காட்டி மறுக்கப்படாத ஓய்வூதியத்திலிருந்தும் தொடங்கலாம்.

2027 கணக்கெடுப்பில் பல பத்தாண்டுகளுக்குப் பின் எல்லாச் சாதிகளும் எண்ணப்படவிருக்கின்றன. காலனிகளில் பணியாற்றும் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் இப்போதே செய்ய வேண்டிய வேலை உண்டு. பட்டியல் சாதியினர் என்று பதிவு செய்யத் தகுதியுள்ள ஒருவரும் விடுபடக் கூடாது. பிழைப்புக்காக வெளியூர் போன குடும்பங்கள் எங்கேனும் ஓரிடத்தில் கட்டாயம் எண்ணப்பட வேண்டும். உட்சாதிப் பெயர்கள் சரியாக எழுதப்படுகின்றனவா என்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். பிறக்காத குழந்தைகளைப் பற்றிய கவலையை அமைச்சர்களிடம் விட்டுவிடலாம். பிறந்து, எண்ணப்படாமல் போகிறவர்கள் நம் பொறுப்பு.

என் கட்சிக்காரரின் மேல்முறையீடு இன்னும் நிலுவையில் உள்ளது. சென்ற வாய்தாவுக்கு அவர் மகன் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். ஒருநாள் கூலியை விட்டு, இரவுப் பேருந்தில் வந்து, தன்னால் தாயைக் காப்பாற்ற இயலவில்லை என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தாய் பக்கத்தில் நின்று, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று அவருக்கு விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.